முதல் கதையோடு வந்த பெண்ணிடம் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் ஊர் கிளை நூலகத்தில், கதை எழுதும் ஆசையுள்ள எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். தையல் கடை வைத்திருக்கும் நான், ஒரு கண்டக்டர், ஓய்வுபெற்ற தமிழய்யா, இரண்டு கல்லூரி மாணவர்கள் என்று கலவையான கூட்டம். போன மாதம் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி புதிதாக வந்து தன் முதல் கதையை வாசித்தாள். இரவு வார்டில் இறந்துபோனவரின் செல்போன் விடாமல் அடிக்கிறது. எடுப்பதா வேண்டாமா என்று தவிக்கிறாள் ஒரு நர்ஸ். தமிழய்யா அதிலிருந்த சந்திப்பிழைகளை இருபது நிமிடம் அடுக்கினார். மற்றவர்கள் வழக்கம்போல ‘அருமை’ என்று சொல்லிக் கைதட்டினோம். இந்த மாதம் அவள் வரவில்லை. நான் கூப்பிட்டுப் பேசலாமா? கதையில் குறைகளும் இருந்தன. நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னால் பொய்யாகாதா? இன்னொன்று, வெளியே சொல்ல வெட்கம். எங்களில் ஒருவருடைய கதை அண்மையில் ஒரு வார இதழில் வந்தது. வாழ்த்தினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

— பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூப்பிடுங்கள், இன்றைக்கே. ஆனால் தமிழய்யாவுக்காக மன்னிப்புக் கேட்கக் கூப்பிட வேண்டாம். அப்படித் தொடங்கினால் அவள் மனம் நொந்ததுதான் பேச்சாகும். கதை மறுபடியும் ஓரத்துக்குப் போய்விடும்.

அந்தச் செல்போனைப் பற்றிப் பேசுங்கள். ஒரு மாதம் கழித்து, கையில் பிரதி இல்லாமல், அந்தக் கதையை எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கூட்டத்தில் வாசித்த மற்ற கதைகளில் எத்தனையை இப்படிச் சொல்ல முடியும்? இதை அவளிடம் சொல்லுங்கள். அப்புறம், “கூப்பிட்டது யாரும்மா? திரையில என்ன பேர் வந்துச்சு?” என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருக்கும், அல்லது அந்த நிமிடம் யோசிக்கத் தொடங்குவாள். எதுவானாலும் அவள் கதைக்குள் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். போனை வைப்பதற்கு முன் “அடுத்த கதை எப்போ?” என்று கேட்க மறக்காதீர்கள். புதிதாக எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் தமிழய்யாமேல் கோபமாக இருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த ‘அருமை’கள்மேல்தான் கோபம். அவராவது கதையை எழுத்தெழுத்தாகப் பார்த்திருக்கிறார். மற்ற எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள். முதல் கதையோடு வருகிறவருக்கு, யாராவது உண்மையாகவே வாசித்தார்களா என்பதுதான் பெரிய கேள்வி. எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால், யாரும் வாசிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

பொய்யாகாதா என்று கேட்கிறீர்கள். தீர்ப்புச் சொல்லப் போனால்தான் அந்தச் சங்கடம். கதை நல்லதா இல்லையா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னால் போதும். ‘முதல் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வர்ணனை நீண்டபோது என் கவனம் வேறெங்கோ போனது, போன் அடித்ததும் திரும்பி வந்துவிட்டேன்.’ இதில் பொய்யும் இல்லை, அடியும் இல்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

முதல் கதைகளின் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சூரியன் உதிக்கும், காக்கை கரையும், நாயகி எழுந்து காபி போடுவாள். கதை மூன்றாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். எல்லாப் பாத்திரங்களும் எழுதியவர் குரலிலேயே பேசுவார்கள். கடைசிப் பத்தியில் ஆசிரியரே வந்து நின்று நீதி சொல்லிவிட்டுப் போவார். இவை எல்லாம் ஒரே கதையில் இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், இருப்பதில் பெரியதை. மீதி அடுத்த கதைக்கு. பத்துக் குறைகளை ஒரே நாளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர் பதினோராவதாக எழுதுவதையே விட்டுவிடுவார்.

சந்திப்பிழை? அதை ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். இறந்தவரின் சட்டைப்பையில் அடிக்கும் போனை அவரால் கொண்டுவர முடியாது. அதற்காகத் தமிழய்யாவை ஒதுக்கிவிடாதீர்கள். வல்லினம் மிகும் இடம் தெரிந்த ஒருவர் கூடவே இருப்பது இன்றைக்குப் பெரிய கொடுப்பினை. அவரிடம் ஒரு பிரதியையும் பென்சிலையும் கொடுத்து, பிழைகளைத் தாளிலேயே குறித்துத் தரும்படி கேளுங்கள். “ஐயா, நீங்க திருத்தினா எங்களுக்குப் பாடம் மாதிரி” என்றால் மகிழ்ச்சியோடு செய்வார். கூட்டத்தில் அவர் கதையை மட்டும் பேசட்டும், அதுவும் கடைசியில். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் அதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள்.

புதியவர்களைக் கூட்டிவைத்துக் கதை எழுதப் பழக்குவது தமிழுக்குப் புதிதல்ல. மலாயாவில் (இன்றைய மலேசியாவில்) ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 1950-ல் ‘கதை வகுப்பு’ என்றே ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். அந்த நாட்டின் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. பிறகு அதே பத்திரிகையில் வேலைக்குப் போன சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமியும் அங்கிருந்த இளம் எழுத்தாளர்களைச் சேர்த்து இலக்கிய வட்டம் நடத்தினார். சென்னையில் 1970-ல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு வேறொரு வழியைப் பிடித்தது: அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளை எல்லாம் ஒருவர் பொறுப்பேற்று வாசித்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் பேச வேண்டும்.

இந்தப் ‘பொறுப்பேற்று’ என்பதைத்தான் உங்கள் கூட்டத்துக்குக் கடன் வாங்கச் சொல்கிறேன். கதையை ஒரு வாரம் முன்பே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு வர வேண்டும். எழுதியவர் ஒரு பக்கத்தை மட்டும் உரக்க வாசிக்கட்டும். பிறகு எல்லோரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. ‘நான் அதை அப்படி நினைச்சு எழுதலை’ என்று இடையில் விளக்கத் தொடங்கினால் பேச்சு வழக்காடு மன்றமாகிவிடும். ஒரு கூட்டத்துக்கு இரண்டு கதை போதும். புதிதாக வருகிறவரை முதல் நாளே வாசிக்கச் சொல்லாதீர்கள். முதல் மாதம் மற்றவர்கள் கதையைப் பற்றி அவர் பேசட்டும், இங்கே எப்படிப் பேசுவார்கள் என்பதும் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக, அந்தத் தூக்கம் வராத இரவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதுகிறவர்களுக்கு இது வரும். எழுதாதவருக்கு இந்த இடத்தில் வலிக்காது. அழகிரிசாமியின் ஊர் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல். எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கும் அதே ஊர்தான். இருவரும் நெருங்கிய நண்பர்கள். 1940-களிலேயே கதைகள் எழுதி, சென்னைக்குப் போய், பத்திரிகை வேலையில் சேர்ந்துவிட்டார் அழகிரிசாமி. ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி.ரா. சிறுகதைக்கு வந்தது 1950-களின் கடைசியில். நண்பர் தனக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரப்படுத்தி, பின்னாளில் புத்தகமாகவே கொண்டுவந்தார் கி.ரா. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, கி.ரா.வுக்கு 1991-ல். ஒரு சின்ன ஊரில் இரண்டு எழுத்தாளர்களுக்கு இடம் இருந்தது. உங்கள் நூலகத்தில் எட்டுப் பேருக்கும் இருக்கும்.

பொறாமையை அடக்கப் பாடுபடாதீர்கள், அதற்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த இதழை வாங்கி, வந்த கதையையும் அவர் முதலில் உங்களிடம் வாசித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் குழு எதை வெட்டியிருக்கிறது, தலைப்பு மாறியதா, எத்தனை சொற்களில் முடிந்தது என்று கவனியுங்கள். அப்புறம் அவரையே கேளுங்கள்: எந்த முகவரிக்கு அனுப்பினார், பதில் வர எத்தனை மாதம் ஆனது, சன்மானம் வந்ததா? கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம், திரும்பி வந்த கதைகளின் விவரத்தையும் சேர்த்தே. நர்சிங் மாணவியின் கதை திருத்தி முடிந்ததும் எங்கே அனுப்புவது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். உங்களுடையதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். கடிதம் முழுக்க மற்றவர்களின் கதைகளைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் கதை என்னவென்று ஒரு வரிகூட இல்லை.