சாம்ப்ளர் பெட்டியை இசைக்கருவி என்று சொல்லலாமா?

“ஹிப் ஹாப்பில் சாம்ப்ளர் என்பது அடுத்தவர் இசைத்தட்டை வெட்டி ஒட்டும் பெட்டிதானே, அது எப்படி இசைக்கருவி ஆகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டுவது பாதி வேலைதான். 1987-இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே சுமார் 10 விநாடி ஒலிதான் அதில் அடங்கும். ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 2.5 விநாடி. நியூயார்க் தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய எல்பி தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவார்கள். 3.3 விநாடிப் பகுதி 2.5-க்குள் அடங்கிவிடும். அப்புறம் பெட்டிக்குள் சுருதியைக் கீழே இறக்கினால் பழைய வேகம் திரும்பிவிடும். ஆனால் துல்லியம் குறைந்த 12-பிட் பதிவு என்பதால் ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறிவிடும். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை, கடைசியில் ஒரு காலகட்டத்தின் ஒலியாகவே ஆகிவிட்டது!

சரி, வாசிப்பது எங்கே வருகிறது? ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி60 சாம்ப்ளரில், விரலால் தட்டி வாசிக்க நாலுக்கு நாலாக 16 ரப்பர் பேட்கள். மெதுவாகத் தட்டினால் மெல்லிய ஒலி, ஓங்கித் தட்டினால் பலமான ஒலி, தபேலா மாதிரி. டெட்ராய்ட்டின் ஹிப் ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா, தாளத்தைக் கட்டத்துக்குள் நேராக்கும் ‘குவான்டைஸ்’ வசதியைப் பல இடங்களில் பயன்படுத்தாமல் கையாலேயே தட்டினார். ஸ்நேர் டிரம் இம்மி முந்தும், கிக் எனும் பெரிய டிரம் கொஞ்சம் தள்ளாடும். அந்த நடை விரலில் இருந்து வருவது. என்னைக் கேட்டால் வாதம் அங்கேயே முடிந்தது. அவருடைய எம்பிசி, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.