சைபர் செக்யூரிட்டி படிக்க ஆசைப்படும் மகளுக்கு முதலில் எதைச் சொல்லித் தர வேண்டும்?

உங்கள் மகள் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், சைபர் செக்யூரிட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள், ஆறே மாதத்தில் எத்திக்கல் ஹேக்கர், அதாவது அனுமதியோடு கணினிகளுக்குள் புகுந்து ஓட்டை கண்டுபிடிப்பவர், ஆக்கிவிடுவதாகச் சொல்லும் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். துறையில் குறை எதுவும் இல்லை, படிக்கிற வரிசைதான் தப்பு.

இந்தத் துறையில் வெளியே தெரிவதெல்லாம் உடைக்கிற பக்கம். நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது பெரும்பாலும் காக்கிற பக்கத்துக்கு. ஒரு கணினியும் நெட்வொர்க்கும் ஒழுங்காக ஓடும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அதில் ஏதோ கோளாறு என்பது கண்ணில் படும். அந்த அடிப்படை இல்லாமல் ஹேக்கிங் டூல்களை மட்டும் பழகிய பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் எங்கே மாட்டுகிறார்கள் தெரியுமா? 'பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால் பக்கம் வரும்வரை என்னென்ன நடக்கிறது?' என்ற கேள்வியில். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி, அதைக் குறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் என்று வரிசையாகச் சொல்ல வராது, பாதியிலேயே நின்றுவிடுவார்கள்.

2024 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் பொறியாளர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர், செக்யூரிட்டி அவருடைய வேலையே கிடையாது. தன் சோதனைக் கணினியில், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே, சிபியு வேறு காரணமில்லாமல் ஏறுகிறதே என்று உறுத்தியது. வேறு யாராக இருந்தாலும் அரை நொடிதானே என்று விட்டிருப்பார்கள். அவர் தோண்டிக்கொண்டே போனார், கடைசியில் அது லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் போய் நின்றது. 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த யாரோ இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் வெளியாட்கள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவைச் செருகியிருந்தார். அது பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே மார்ச் 29ஆம் தேதி விஷயம் வெளியே வந்துவிட்டது. விலை உயர்ந்த டூல் எதுவும் முதலில் இதைப் பிடிக்கவில்லை, வழக்கமான வேகம் எவ்வளவு என்று தெரிந்த ஒரு ஆள் பிடித்தார்.

அதனால் உங்கள் மகள் முதல் ஒரு வருடம் படிக்க வேண்டியது நெட்வொர்க்கிங், லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், ஒரு வெப்சைட் எப்படிக் கட்டப்படுகிறது என்பது. இவ்வளவுதான். சுவாரசியம் குறைவாகத் தெரியும், பரவாயில்லை.

சரி, வேலை என்று போனால் நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். புதிதாக வருபவர்களில் பலருக்கு முதல் இடம் எஸ்ஓசி, அதாவது நிறுவனத்தின் கணினிகளிலிருந்து வரும் எச்சரிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் குழு. ஷிஃப்ட் வேலை, இரவு ஷிஃப்டும் வரும், வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரு அலர்ட் வருகிறது என்று வையுங்கள்: ஒரு ஊழியரின் கணக்கு ஒரு நாட்டிலிருந்து லாகின் ஆகியிருக்கிறது, இருபது நிமிடம் கழித்து அதே கணக்கு வேறொரு கண்டத்திலிருந்து. யாராலும் அவ்வளவு வேகமாகப் பயணம் செய்ய முடியாது. உடனே கணக்கை முடக்கலாமா? அந்த இரண்டாவது ஐபி முகவரி நிறுவனத்தின் சொந்த விபிஎன்னாக (இணைப்பை வேறொரு இடத்து சர்வர் வழியாக அனுப்பும் வசதி) இருக்கலாம், இல்லை அவருடைய போன் வேறு வழியில் இணைந்திருக்கலாம். எந்தச் சாதனம், ஓடிபி எப்படி உறுதிசெய்யப்பட்டது, லாகின் ஆனதும் முதலில் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மெயில்களைத் தானாக வெளி முகவரிக்கு அனுப்பும் விதி ஒன்று புதிதாக உருவாகியிருந்தால் விஷயம் தீவிரம், மேலே இருப்பவரை எழுப்ப வேண்டியதுதான். பெரும்பாலான அலர்ட்டுகள் அப்படி இருக்காது. ஒன்றுமில்லை என்று குறிப்பு எழுதி மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், ஆனால் நாற்பதாவது அலர்ட்டையும் முதல் அலர்ட் மாதிரியே பார்க்க வேண்டும். இந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை நீங்கள் எனக்குச் சொல்லலாம், மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

இன்னொரு பக்கம், பேட்ச் போடுவது, அதாவது மென்பொருளில் உள்ள ஓட்டையை அடைக்கும் திருத்தத்தைக் கணினிகளில் நிறுவுவது. மே 2017இல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் பரவி பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் வரை தள்ளிப்போயின. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் லட்சக்கணக்கான கணினிகளில் போடப்படவில்லை. எந்தக் கணினி எங்கே இருக்கிறது, எது பழசு, எதை நிறுத்தினால் எந்த வேலை நிற்கும் என்று பட்டியல் வைத்து, மேலாளர்களிடம் கெஞ்சி, நேரம் வாங்கிப் பேட்ச் போடுவது ஒரு முழுநேர வேலை. யாரும் கைதட்டமாட்டார்கள். ஆனால் நிறுவனம் பிழைப்பது அந்த வேலையால்தான்.

ஏஐ வந்துவிட்டது, இந்த வேலையெல்லாம் இருக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. முதல்கட்ட அலர்ட் வடிகட்டும் வேலையில் ஒரு பகுதி இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாக்குபவர்கள் கையிலும் அதே ஏஐ இருக்கிறதே. 2024இல் வெளிவந்த செய்தி ஒன்று: ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியர் வீடியோ அழைப்பில் தன் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்துப் பேசிவிட்டு 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார், திரையில் இருந்த மற்ற அத்தனை பேரும் டீப்ஃபேக், ஏஐ உருவாக்கிய போலி முகமும் குரலும். இதற்கு மருந்து சாஃப்ட்வேர் மட்டும் இல்லை. பெரிய தொகை என்றால் ஏற்கெனவே கைவசம் உள்ள எண்ணில் திரும்ப அழைத்து உறுதிசெய், இரண்டாவது ஆள் ஒப்புதல் இல்லாமல் அனுப்பாதே என்று ஒரு நடைமுறையை எழுதி, அதை ஊழியர்கள் நிஜமாகவே பின்பற்றும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிஆர்சி என்று ஒரு பிரிவு இருக்கிறது, விதிமுறை, ஆபத்து மதிப்பீடு, தணிக்கை எல்லாம் அதில் வரும். கோடிங் பிடிக்காத, ஆனால் தெளிவாக எழுதவும் பேசவும் வரும் பிள்ளைகள் அங்கே நன்றாக வருகிறார்கள். நீங்களும் வீட்டில் இதே பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், மகள் குரலிலேயே அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தாலும் துண்டித்துவிட்டு அவள் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

சான்றிதழ்கள் பற்றிச் சுருக்கமாக. படிப்பு முடிக்கும் சமயத்தில் செக்யூரிட்டி பிளஸ் போன்ற தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்று போதும். அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழை யாராவது மாணவருக்கு விற்க வந்தால் நம்பாதீர்கள், தேர்வில் தேறினாலும் அதை முழுமையாகப் பெறப் பொதுவாக ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும். ஓஎஸ்சிபி நல்லது, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நிஜமாகவே சில கணினிகளுக்குள் புக வேண்டிய தேர்வு, ஆனால் அது பிறகு. நேரடியாக செக்யூரிட்டியில் இடம் கிடைக்காமல் ஹெல்ப்டெஸ்க்கிலோ நெட்வொர்க் பிரிவிலோ தொடங்க நேர்ந்தால் வருத்தப்பட வேண்டாம், இந்தத் துறையில் நன்றாக இருப்பவர்களில் நிறையப் பேர் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

ஒன்றை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாருடைய கணினியையும் தொடக்கூடாது, கல்லூரி வெப்சைட் உட்பட. 'ஓட்டை இருப்பதைக் காட்டத்தான் செய்தேன்' என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டத்தின் முன் நிற்காது, வேலைக்கு எடுப்பவர்களும் அந்தக் கதையை ரசிக்கமாட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இந்த விடுமுறையில் ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இலவசம். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்துக்கான பாஸ்வேர்டு எங்கோ ஒளிந்திருக்கும். தொடக்கத்திலேயே ஒரு கோப்பு வரும், அதன் பெயர் வெறும் ஒரு சிறு கோடு. வழக்கமான கட்டளையைக் கொடுத்தால் கோப்பு திறக்காது, கணினி எதற்கோ காத்திருப்பது போல அப்படியே நிற்கும். ஏன் நிற்கிறது என்று தேடிப் படித்துக் கண்டுபிடிக்கிறாளா, அல்லது விடையை யூடியூபில் பார்த்துத் தட்டிவிடுகிறாளா என்று பாருங்கள். எந்தக் கட்டத்தில் எதை முயன்றாள், ஏன் வேலை செய்யவில்லை என்பதைத் தன் வார்த்தையில் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள், எஸ்ஓசியா, ஜிஆர்சியா, அனுமதியோடு உடைத்துச் சோதிக்கும் பென்டெஸ்டிங்கா என்று அதை வைத்துப் பேசலாம்.