லேப்டாப் திரைக்கு ஒரிஜினல்தான் போட வேண்டுமா, வெளியில் கிடைப்பது போதுமா?

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் மகனின் 15.6 அங்குல லேப்டாப்பில் திரை விரிசல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 12,500 ரூபாய், வெளிக்கடையில் 5,000 ரூபாய். எதில் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நான் மெக்கானிக் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைன் செய்கிறவன். ஒரே லேப்டாப்புக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை திரை மாற்றியவன் என்பதுதான் என் தகுதி.

எங்கள் ஊரில் ஒரே நிட்டிங்கில் ஓடிய துணி, ஒரே லைனில் தைத்த டி-சர்ட், மூன்று லேபிளோடு மூன்று நாட்டுக்குப் பெட்டி ஏறும். லேபிளுக்குச் சொந்தக்காரர் ஊசியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். லேப்டாப் திரையும் அப்படித்தான். டெல், எச்பி, லெனோவா யாரும் பேனலை, அதாவது உள்ளே இருக்கும் திரைப் பலகையை, தாங்களே செய்வதில்லை. சீனாவின் பிஓஇ, தைவானின் ஏயூஓ, இன்னோலக்ஸ், கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே போன்ற சில தொழிற்சாலைகளிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள். ஒரே மாடல் லேப்டாப் இரண்டு வாங்கினால் ஒன்றில் பிஓஇ, இன்னொன்றில் ஏயூஓ இருக்கலாம். இதில் எதை ஒரிஜினல் என்பது? பேட்டரி, சார்ஜரில் போலி நிறைய உண்டு, அங்கே பயப்படலாம். பேனல் அப்படி ஒரு கொட்டகையில் வைத்துச் செய்கிற சரக்கில்லை. வெளிக்கடைக்காரர் போடுவதும் பெரும்பாலும் அதே தொழிற்சாலைகளில் இறங்கியதுதான்.

அப்படியானால் விலை குறைந்ததையே போட்டுவிடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். கீபோர்டு மேல் இயர்போனை வைத்துவிட்டு மூடியைச் சாத்தியதில் முதல் திரை போனது. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். "ஃபுல் எச்டி ஒரிஜினல்தாங்க" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் மாட்டி, 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். புள்ளிக் கணக்கு 1920க்கு 1080, அதில் பொய்யில்லை. ஆனால் அடுத்த நாள் டிசைனைத் திறந்தால் மெரூன் செங்கல் மாதிரி இருக்கிறது. இரண்டு சாம்பல் ஷேடுகள் ஒன்றாகிவிட்டன. தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தால் கறுப்பு வெளுக்கிறது. ஷேடை முடிவு செய்ய எங்களுக்குக் கலர் கார்டும் லைட் பாக்ஸும் இருக்கின்றன, திரையை நம்பி யாரும் துணிக்குச் சாயம் போடுவதில்லை. இருந்தாலும் திரையில் தெரியாத தப்பு சாம்பிள் பிரிண்ட் வரை போய்விட்டது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நடந்தது இதுதான். பழையது ஐபிஎஸ் (IPS) வகை, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. கடைக்காரர் மாட்டியது டிஎன் (TN) வகை. டிஎன்னில் நேராகப் பார்த்தால் சுமார், பக்கவாட்டிலும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும். ஐபிஎஸ்ஸிலும் இரண்டு தரம் உண்டு. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி (NTSC) என்று ஒரு அளவு. 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் கொஞ்சம் செத்துத் தெரியும். 72 சதவீதம் என்றால் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, கம்ப்யூட்டரில் பொதுவாகப் புழங்கும் நிறங்களை ஏறக்குறைய முழுசாகக் காட்டும். ஃபுல் எச்டி என்ற ஒரு வார்த்தைக்குள் இத்தனையும் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது முறை கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். விலை கேட்டதும் அந்தப் பையன், "ஏனுங்ணா, பழைய பேனல் நெம்பர் பாக்காம நான் எப்படிங்க வெலை சொல்றது?" என்றான். அப்போதே ஆள் சரியான ஆள் என்று தோன்றிவிட்டது. நல்லவேளை, உடைந்த பழைய திரையை வீட்டில் வைத்திருந்தேன். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில்தான் எல்லாம் இருக்கிறது. பி156 (B156) என்று தொடங்கினால் ஏயூஓ, என்வி156 (NV156) என்றால் பிஓஇ, எல்பி156 (LP156) என்றால் எல்ஜி. 156 என்பது 15.6 அங்குலம். ஏயூஓவில் அடுத்து எச்ஏஎன் (HAN) என்று வந்தால் ஐபிஎஸ் மாதிரியான வகை, எச்டிஎன் (HTN) என்று வந்தால் டிஎன். என்னுடையது எச்ஏஎன். அதே நம்பரில் வரவழைத்து, நான்கு நாள் கழித்து மாட்டிக் கொடுத்தான். 5,600 ரூபாய் ஆனது.

அதே நம்பர் கிடைக்காவிட்டால் வேறு தொழிற்சாலையுடையதும் பொருந்தும். ஆனால் கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பது ஒத்துப்போக வேண்டும். ஓரத்தில் திருகு போடும் காது இருப்பதா இல்லாததா, மேட்டா பளபளப்பா, இவையும் முக்கியம். நொடிக்கு 144 தடவை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் கேமிங் லேப்டாப் என்றால் பெரும்பாலும் 40 பின் இருக்கும். அதற்கு 60 ஹெர்ட்ஸ் பேனலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்.

இன்னொன்று, கிரேடு. எங்கள் திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்கியிருப்பீர்கள். அதே கம்பெனித் துணிதான், எங்காவது ஒரு ஓட்டை, ஒரு கறை. பேனலிலும் செகண்ட்ஸ் உண்டு: ஓரிரு புள்ளி செத்தது, மூலையில் வெளிச்சம் கசிவது, வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. எதுவும் திருட்டுச் சரக்கு இல்லை, ஆனால் புதுசு விலைக்கு வாங்கக்கூடாது. மாட்டியதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒரே நிறப் படங்களை வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து ஒரு தடவை, மூடியை முழுசாகத் திறந்து மூடி ஒரு தடவை. வைஃபை ஆன்டெனா வயர் பல லேப்டாப்பில் திரை ஓரமாகத்தான் போகும், அதனால் நெட் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் திரை வயரைப் பிடுங்கினால் போர்டில் திரை விளக்குக்கான பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். கேரன்டி எத்தனை மாதம் என்பது வாயில் வேண்டாம், பில்லில் எழுதட்டும்.

சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டிய சமயமும் உண்டு. சாதாரண வாரன்டி உடைந்த திரைக்குச் செல்லாது, ஆனால் விபத்துப் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். மேக்புக் என்றால் கதையே வேறு. அதில் மூடியோடு சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம், வெளியில் போட்டால், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதி வேலை செய்யாமல் போகலாம். கண்ணாடியோடு ஒட்டிய டச் ஸ்கிரீனுக்கும் வெளிக்கடையில் பெரிதாக மிச்சமாகாது.

மகன் கோடிங், அசைன்மென்ட், படம் பார்ப்பது என்ற அளவில் இருந்தால் நான் 12,500 கொடுக்க மாட்டேன். வெளிக்கடையில் ஐபிஎஸ் என்று நம்பர் பார்த்து வாங்கிப் போடுவேன். இன்னும் 800, 1,000 கூடக் கேட்டால் கொடுக்கலாம்.

அதற்கு முன் விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கீழ் மூலையில், கீல் பக்கத்தில் என்றால் திரையை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. இறுகிப் போன கீல் புதுத் திரையையும் அதே இடத்தில் உடைக்கும். என் லேப்டாப்பில் அதையும் காந்திபுரத்துப் பையன்தான் கண்டுபிடித்தான். கீலைத் தளர்த்தி எண்ணெய் விட்டுக் கொடுத்தான், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.