ஆஞ்சியோகிராம் நார்மல், ஆனால் நெஞ்சு இறுக்கம் போகவில்லையே டாக்டர்?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று 4 வருடம் ஆகிறது. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலோ, துணி பிழிந்தாலோ நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. சில நாள் விடியற்காலையில் சும்மா படுத்திருக்கும்போதே வருகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, அடைப்பே இல்லை, மனப்பதற்றம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் நாத்தனார் ஹார்மோன் மாத்திரை போட்டால் இதயத்துக்கும் நல்லது என்கிறார். போடலாமா? – ஈரோடு வாசகி

பதில்: மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று, உங்கள் வலி கற்பனை இல்லை. உங்கள் வயதுப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் 'டென்ஷன்' என்று எழுதி அனுப்புவது எங்கள் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

'அடைப்பு இல்லை' என்றால் 'இதயத்தில் ஒன்றுமே இல்லை' என்று ஆகிவிடாது. ஆஞ்சியோகிராமில் தெரிவது 3, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ரத்தக்குழாய்களும் அவற்றின் பெரிய கிளைகளும்தான். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் படத்தில் விழாது. ஆனால் இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போகும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் குட்டிக் குழாய்கள்தான் முடிவு செய்கின்றன. காலிங்கராயன் வாய்க்கால் ஓடும் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை: வாய்க்காலில் தண்ணீர் தளும்பினாலும் கடைமடை காயலாம்.

சரி, இதில் ஹார்மோன் எங்கே வந்தது? ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்போம். அதை வெறும் உள்பூச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1980ல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிடைல்கோலினை (நரம்புகள் வெளிவிடும் ஒரு ரசாயனம்) விட்டுப் பார்த்தார். படலம் ஒழுங்காக இருந்த துண்டு தளர்ந்தது, படலம் தேய்ந்துபோன துண்டு தளரவே இல்லை. படலம் வெளிவிடும் அந்தத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது, 1998ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வது இந்த இடத்தில்தான். படலத்தின் செல்களில் அது வந்து ஒட்டிக்கொள்வதற்கென்றே இடங்கள், அதாவது ஏற்பிகள், உண்டு, அங்கே போய் உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே நைட்ரிக் ஆக்சைடு கூடுகிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இளகுகிறது.

இதை மனித இதயத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1995ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், இதய நோயுள்ள, மாதவிடாய் நின்ற பெண்களின் இதயக் குழாய்க்குள் அசிடைல்கோலினைச் செலுத்தியபோது குழாய் சுருங்கியது (படலம் கெட்டிருந்தால் அது தளர்த்தாமல் சுருக்கிவிடும்). கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் செலுத்திவிட்டு மறுபடி கொடுத்தபோது அந்தச் சுருக்கம் வரவில்லை. ஆண்களுக்கு இது பலிக்கவில்லை. ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், அது தனிக்கதை: 1960களில், மாரடைப்பு வந்த அமெரிக்க ஆண்களுக்கு அதிக அளவில் கொடுக்கப்போய் மாரடைப்பு கூடி, 1970ல் அந்த டோஸையே நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் ஊர்ப் பெண்களுக்கு 46, 47 வயது வாக்கில் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் குழாய்களின் இளகும் தன்மை குறைகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, பிரஷரும் மெல்ல எட்டிப் பார்க்கிறது.

அப்படியானால் இறங்கியதை மாத்திரையாக ஏற்றிவிட்டால் ஆயிற்று என்று உங்கள் நாத்தனார் மட்டுமல்ல, டாக்டர்களும்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் எல்லாமே கொஞ்சம் கூடின, அதனால் 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவர்களின் சராசரி வயது 63. ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாயில் ஈஸ்ட்ரோஜன் பழைய நண்பனாக நடந்துகொள்வதில்லை. போதாததற்கு, வாய்வழியாகப் போகும் மாத்திரை கல்லீரலைத் தாண்டும்போது ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. மாதவிடாய் நின்ற சில வருடங்களுக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனாலும் இதயத்துக்காகவென்று அதை எழுதித் தர மாட்டேன். உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பது தாங்க முடியாமல் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம், அதையும் இந்த நெஞ்சு இறுக்கம் என்னவென்று தெரிந்த பிறகுதான்.

உங்களுக்குக் குட்டிக் குழாய்களில் கோளாறு இருக்கலாம். விடியற்காலை, படுத்திருக்கும்போது வருகிறது என்கிறீர்களே, அதைப் பார்த்தால் குழாய் இழுத்துப் பிடிக்கும் கோளாறும் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகம். நேரில் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் எது என்று பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் முதலாவதற்குக் கொடுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இரண்டாவதைக் கிளறிவிடலாம். இரண்டாவதற்குக் குழாயைத் தளர்த்தும் கால்சியம் சேனல் பிளாக்கர்தான் கைகொடுக்கும். ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ (மருந்து கொடுத்து இதயத்துக்கு வேலை கூட்டி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பற்றியும், ஆஞ்சியோவின்போதே அசிடைல்கோலின் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை பற்றியும் இதய மருத்துவரிடம் கேளுங்கள். பெரிய மையங்களில்தான் இவை இருக்கும். அதற்கு முன்னால் ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், கொலஸ்டிரால் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை மட்டுமே கூட படியேறும்போது நெஞ்சைப் பிடிக்க வைக்கும்.

வலி 15 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, 'போன தடவை ஒன்றும் இல்லை என்றார்களே' என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாதீர்கள், ஆஞ்சியோகிராம் சிடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வலி வந்த நாள், மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிடம் இருந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து அதையும் காட்டுங்கள்.