காதுக்குப் பின்னால் பாருங்கள்

குன்னூரில் 30 ஆண்டுகளாகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். குழந்தைகளின் காதுச் சீழைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் மலையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்: டாக்டர், என் மகளுக்கு இரண்டரை வயது. மூன்று நாளாகக் காதுவலியும் காய்ச்சலும். நேற்று இரவு காதிலிருந்து சீழ் வழிந்தது. அதன்பிறகு வலியே இல்லை, நன்றாகத் தூங்கினாள். மருந்தை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய சீழ், பறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அழுத்தம் இறங்கியதால் வலி போயிற்று. கிருமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த கடைசி நாள் வரை மருந்து கொடுங்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். தினமும் காலை வெளிச்சத்தில் குழந்தையை உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, இரண்டு காதுகளின் பின்புறத்தையும் பாருங்கள். காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் எலும்புக்கு மாஸ்டாய்டு என்று பெயர். அது உள்ளே தேன்கூடு போல அறை அறையாக இருக்கும். நடுக்காதோடு அந்த அறைகளுக்குத் தொடர்பு உண்டு. சீழ் அங்கே இறங்கினால் காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கும், தொட்டால் குழந்தை அலறும், காதுமடல் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அதிகமாக வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். காய்ச்சல் குறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று காலை ரெட்டைச் சடை பின்னும்போது ஒரு காது மட்டும் சடையைத் தள்ளிக்கொண்டு நிற்பதைக் கவனித்திருக்கிறார். "இந்தக் காது நேற்று இப்படி இல்லை" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. விரல் வைத்துப் பார்த்தேன், எலும்பின் மேல் சீழ் கட்டியிருந்தது. அன்றே கோவைக்கு அனுப்பினோம். இரவே சீழை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தாயின் கண்தான் குழந்தையைக் காப்பாற்றியது.

கூடலூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்யும் தந்தை: பையனுக்கு 7 வயது. மூன்று வருடமாக வலது காதில் விட்டுவிட்டுச் சீழ் வருகிறது. அளவு கொஞ்சம்தான், ஆனால் நாற்றம் தாங்கவில்லை. வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

ஐயா, வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்கள் கேள்விதான். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காதுச் சீழில் இரண்டு விதம் உண்டு. சளி போல நிறைய வரும், நாற்றம் அதிகம் இருக்காது, சளி பிடிக்கும்போதெல்லாம் கூடும்: இது பெரும்பாலும் பறையின் நடுவில் ஓட்டை. இதற்கும் வைத்தியம் வேண்டும், கேட்கும் திறன் குறையும், ஆனால் அவகாசம் உண்டு. மற்றொன்று நீங்கள் சொல்வது. கொஞ்சமாக வரும், அழுகிய நாற்றம் அடிக்கும், சில சமயம் இரத்தம் கலந்திருக்கும். இதைக் கேட்டால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது கொலஸ்டியேட்டோமா.

இது புற்றுநோய் அல்ல. வெளியே இருக்க வேண்டிய தோல் நடுக்காதுக்குள் பை போல மடிந்து வளர்கிறது. தோல் தினமும் செதில் உதிர்க்குமே, அந்தச் செதில் வெளியேற வழியில்லாமல் பைக்குள் சேர்ந்து அழுகுகிறது. பை பெருக்கப் பெருக்கப் பக்கத்து எலும்பை அரிக்கும். முதலில் போவது ஒலியைக் கடத்தும் மூன்று சிறு எலும்புகள். முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது. அது பாதிக்கப்பட்டால் வாய் கோணும், கண் மூடாது. உள்காதை அரித்தால் தலைசுற்றலும் நிரந்தரச் செவிடும் வரும். நடுக்காதின் கூரை மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேலே மூளை. அந்தத் தகடு அரிக்கப்பட்டுவிட்டால் மூளைக்காய்ச்சலோ மூளைக்குள் சீழ்க்கட்டியோ வரலாம். இவ்வளவும் வலியில்லாமலேயே நடந்துகொண்டிருக்கும்.

சொட்டு மருந்தால் நாற்றம் சில நாள் அடங்கும், பை போகாது. அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. அதற்கு முன் நுண்ணோக்கியில் காதைப் பார்ப்பார்கள், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். நான் உங்கள் மகனைப் பார்க்கவில்லை. பார்த்த பிறகு அது வேறொன்றாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வாரமே பார்த்தாக வேண்டும்.

ஊட்டியிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்குக் காதுவலி வந்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவோம். மருமகள் வேண்டாம் என்கிறாள்.

மருமகள் சொல்வது சரி அம்மா. பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய், தாய்ப்பால், வெற்றிலைச் சாறு எல்லாமே நேரே நடுக்காதுக்குள் போய்விடும். சூடாக இருந்தால் தோலும் வெந்துபோகும். பழைய சொட்டு மருந்தையும் விடாதீர்கள். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சில மருந்துகள் ஓட்டை உள்ள காதில் உள்காதையே கெடுக்கக்கூடியவை. சீழ் வடிந்தால் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரிபோல முறுக்கிக் காதில் வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி வையுங்கள், திரி உலர்ந்து வரும்வரை. ஒரு நாளைக்கு மூன்று முறை செய்தால் போதும். தீக்குச்சி, ஊக்கு, பட்ஸ் எதுவும் வேண்டாம்.

மஞ்சூர்: பனிக்காற்று காதில் புகுந்தால் சீழ் பிடிக்குமா? தொப்பி இல்லாமல் வெளியே விடலாமா?

கம்பளித் தொப்பி கதகதப்புக்கு நல்லது, போடுங்கள். ஆனால் கிருமி காதுத் துளை வழியாக வருவதில்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாக ஏறுகிறது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கை வசமாகவும் இருப்பதால்தான் ஒவ்வொரு சளிக்கும் காது வலிக்கிறது. பனியைவிட எனக்குப் பயம் புகைமேல். கதவு சாத்திய சமையலறையில் விறகு அடுப்பு, அப்பாவின் பீடி, இரண்டும் அந்தக் குழாயின் உட்சவ்வை வீங்கவைக்கின்றன. படுக்கவைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பதும் கூடாது. குளிருக்காகக் கரிக்கணப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்குவது உயிரையே எடுக்கும். கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

குன்னூர்: மேட்டுப்பாளையம் இறங்கும்போது கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. இதனால் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, பறை உள்பக்கம் இழுக்கப்படுவதால் வலிக்கிறது. இறங்கும் வழியில் பால் கொடுங்கள், விழுங்கும்போது குழாய் திறந்துகொள்ளும்.

பந்தலூரிலிருந்து ஒரு தந்தை: எங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனை தூரம். எப்போது விடியும்வரை காத்திருக்கலாம், எப்போது கூடாது?

வெறும் காதுவலி, லேசான காய்ச்சல், குழந்தை நடுநடுவே விளையாடுகிறது என்றால் வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் போகலாம். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

காதில் நோய் இருக்கும் குழந்தைக்குக் கடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கம், கழுத்து விறைப்பு, வலிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இரவே 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்து நிற்கும். வாய் ஒருபக்கம் கோணினாலும், நடை தள்ளாடினாலும், காதுக்குப் பின்னால் வீங்கினாலும் அப்படியே. திடீரென்று மாறுகண் விழுந்து, அந்தப் பக்கக் கண்ணுக்குப் பின்னால் வலி என்று குழந்தை சொன்னால் நோய் காதைச் சுற்றியுள்ள எலும்பின் உள்முனை வரை போய்விட்டது என்று பொருள். 1904-இல் கிராடெனிகோ என்ற இத்தாலிய மருத்துவர் இதை விவரித்தார்.

நடுங்கவைக்கும் குளிர்காய்ச்சல் ஏறி இறங்கி மறுபடி ஏறினால் மலேரியா என்று நினைத்துவிடுவார்கள். காதை ஒட்டி ஓடும் பெரிய இரத்தக் குழாயில் உறைகட்டி விழுந்தாலும் இதே காய்ச்சல்தான் வரும். "காதில் சீழ் இருக்கிறது" என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் முதலில் சொல்லுங்கள். கேரளப் பக்கம் அருகில் இருந்தால் அங்கேயே போங்கள். மாவட்டம், மாநிலம் பார்க்கும் நேரம் அதுவல்ல.

கேத்தியிலிருந்து ஒரு ஆசிரியை: காதுச் சீழ் ஆறிய ஒரு மாணவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தடுப்பூசி ஏதும் உண்டா?

சீழ் ஆறினாலும் பறைக்குப் பின்னால் நீர் தங்கும். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் வடிந்துவிடும். அதுவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள், வடியாவிட்டால் கேட்கும் திறன் சோதனை கட்டாயம். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைக்கு மட்டும் 3 மாதம் காத்திருக்காமல் உடனே சோதிக்க வேண்டும். அந்த நோயால் உள்காது எலும்பாக இறுகிப்போனால், பிறகு உள்காதில் வைக்கும் காக்ளியர் என்ற கேட்கும் கருவியைப் பொருத்துவது கடினம்.

தடுப்பூசி உண்டு. நியூமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி நம் மாநிலத்தில் 2011 முதலே இருக்கிறது. எல்லாக் காதுநோயையும் இவை தடுக்காது. மூளை வரை போகும் கொடிய கிருமிகளில் முக்கியமான இரண்டைத் தடுக்கும்.

கூடலூர்த் தந்தை மீண்டும்: திங்கள்கிழமை பையனை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

மிகவும் சந்தோஷம் ஐயா. மூன்று வருடத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும், பயன்படுத்திய சொட்டு மருந்துப் புட்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் இருக்கட்டும். அன்று காலை காதைத் துடைக்காதீர்கள், மருந்தும் விடாதீர்கள். சீழ் அப்படியே இருந்தால்தான் சோதனைக்கு எடுக்க வசதி. தலைக்குக் குளிப்பாட்டவும் வேண்டாம். நடுவட்டம் வழியாக 50 கிலோமீட்டர் இருக்கிறது, முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள்.