ரீபூட் செய்யாமல் ஓடும் லினக்ஸ் கர்னலில் ஒரு ஃபங்ஷனை மாற்ற, சிஆர்0-இல் ரைட் புரொடெக்ட் பிட்டை அணைத்தால் போதுமா?

போதாது. சிஆர்0 என்பது சிபியுவின் ஒரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர், எழுதக்கூடாத நினைவகப் பக்கங்களில் கர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிவிடாமல் தடுப்பது அதிலுள்ள அந்த பிட்தான். இதே வேலையை இதே தைரியத்தோடு செய்து ஒரு சர்வரைக் கவிழ்த்தவன் நான், அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நீங்களும் ஒரே ஒரு சிபியு கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, ஓடுகிறதே, அப்புறம் ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள் என்றுதான் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாங்களே பில்ட் செய்த பழைய கர்னல் அது. எஃப்ட்ரேஸ் (கர்னல் ஃபங்ஷன்கள் ஓடுவதைக் கண்காணிக்கும் வசதி) எல்லாம் எதற்கு, இடத்தை அடைக்கும் என்று யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு டிரைவர் ஃபங்ஷன் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் தின்றுகொண்டிருந்தது, ரீபூட்டுக்கோ அனுமதி கிடையாது. ஓடும் கர்னலில் ஏற்றக்கூடிய ஒரு சின்ன மாட்யூல் எழுதினேன். பிட்டை அணைக்க வேண்டியது, பழைய ஃபங்ஷனின் முதல் 5 பைட்டில் என் புது ஃபங்ஷனுக்கு ஒரு ஜம்ப் எழுத வேண்டியது, பிட்டைத் திரும்பப் போட வேண்டியது, அவ்வளவுதான். சுற்றிலும் ஸ்பின்லாக் (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையும் பூட்டு) வேறு, இன்டரப்டையும் (ஓடும் வேலையை இடைநிறுத்தும் சிக்னல்) நிறுத்தியிருந்தேன், இதற்கு மேல் என்ன பத்திரம் வேண்டும்? 11 சர்வரில் சத்தமே இல்லாமல் ஏறியது. 12-வதில் என்டர் தட்டிய கையோடு பேனிக், அதாவது கர்னலே நின்றுபோனது.

கர்னல் விழும்போது அச்சிடும் ஊப்ஸ் செய்தியில், எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டும் இன்ஸ்ட்ரக்ஷன் பாயிண்டர் அந்த ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து சரியாக ஒரே ஒரு பைட் தள்ளி நின்றது. அந்த ஒரு பைட் என்ன சொல்கிறது என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. பழைய ஃபங்ஷனின் ஆரம்பத்தில் ஒரு பைட்டில் ஒரு புஷ் இன்ஸ்ட்ரக்ஷன், அடுத்து மூன்று பைட்டில் ஒரு மூவ், அப்புறம் இன்னொரு புஷ் இருந்தன. வேறொரு சிபியுவில் ஏதோ ஒரு த்ரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை) முதல் புஷ்ஷை முடித்த கணத்தில் இன்டரப்ட் வந்து ஒதுங்கியிருக்கிறது. அது திரும்பி வந்தபோது மூவ் இருந்த இடத்தில் என் ஜம்ப்பின் முகவரி பைட்டுகள்தான் கிடந்தன, அதையே இன்ஸ்ட்ரக்ஷன் என்று எடுத்து ஓட்டி விழுந்தது. என் ஸ்பின்லாக்கை அது ஏன் கேட்கப்போகிறது, அப்படி ஒரு லாக் இருப்பதே அதற்குத் தெரியாதே! நான் இன்டரப்டை நிறுத்தியதும் என் சிபியுவில் மட்டும்தான்.

'ஸ்டாப் மெஷின் போட்டு எல்லா சிபியுவையும் நிறுத்தியிருக்கலாமே' என்று இப்போதே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள், தெரியும். நிறுத்தினாலும் நடுவில் ஒதுங்கி நிற்கும் த்ரெட் அங்கேயேதான் நிற்கும், அதனால் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்கையும் (அது எந்த ஃபங்ஷன்களின் நடுவில் இருக்கிறது என்ற பதிவு) பார்த்தாக வேண்டும். ரீபூட் இல்லாமல் கர்னலைத் திருத்தும் கேஸ்ப்ளைஸ் என்ற கருவி 2009-க்கு முன்பே அப்படித்தான் செய்தது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன்.

தெரியாமல் செய்தது என் தப்புதான். ஆனால் 'சின்ன மாற்றம்தானே, இன்றைக்கே ஏற்றிவிடு' என்று போனில் சொன்னவர் பெயர் அறிக்கையில் எங்கேயும் இல்லை, என் பெயர் மட்டும் நான்கு இடத்தில். இதற்கு நடுவில் ஹார்ட்வேர்காரர்கள் ரேமைக் கழற்றி மாற்றினார்கள், சரியாகிவிட்டது என்று டிக்கெட்டையும் மூடினார்கள். நான் விழித்த மூன்று ராத்திரிக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அன்றிலிருந்து எழுத்தில் வராத எந்த அனுமதியையும் நான் அனுமதியாக எடுப்பதில்லை. சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிபியுக்களில் கர்னல் தன் நிரலைத் தானே மாற்றும்போது எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். முதல் பைட்டில் மட்டும், ஓட்டத்தை அங்கேயே பிடித்து நிறுத்தும் இன்ட்3 பிரேக்பாயிண்டைப் போடும். எல்லா சிபியுவையும் ஒருமுறை தட்டி, பழையதை மறக்கச் சொல்லும். அப்புறம் மீதி பைட்டுகளை எழுதித் திரும்பத் தட்டும், கடைசியில்தான் முதல் பைட்டை மாற்றும். இடையில் யாராவது அங்கே வந்தால் பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லர் பார்த்துக்கொள்ளும். எஃப்ட்ரேஸ் இருந்தால் ஃபங்ஷனின் வாசலிலேயே 5 பைட்டுக்கு எதுவும் செய்யாத ஒரே நாப் இன்ஸ்ட்ரக்ஷன் காத்திருக்கும். அது ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் என்பதால் அதன் நடுவில் யாரும் நிற்கவே முடியாது. எங்கள் கர்னலில் எடுத்துப்போட்டது இதைத்தான்.

என்னைக் கிண்டல் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கர்னல் எழுதுகிறவர்களுக்கே இது சறுக்கியிருக்கிறது. 2008-இல் 2.6.27 வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில், எஃப்ட்ரேஸ் குறித்துவைத்திருந்த ஒரு முகவரியில் நிரல் போய் இன்டெல் இ1000இ நெட்வொர்க் கார்டின் நினைவகம் வந்து உட்கார்ந்துவிட்டது. எஃப்ட்ரேஸ் அங்கே எழுதப் பயன்படுத்திய கம்பேர் எக்ஸ்சேஞ்ச் (ஒப்பிட்டுப் பொருந்தினால் மட்டும் மதிப்பை மாற்றும் இன்ஸ்ட்ரக்ஷன்) ஒப்பீட்டில் தோற்றாலும் பழைய மதிப்பையே திரும்ப எழுதும், சாதாரண மெமரிக்கு அது பெரிய விஷயமில்லை, கார்டின் ஃபிளாஷுக்கோ சங்கு. கார்டுகளே செத்தன.

அதனால் பிட்டை மறந்துவிடுங்கள் (லினக்ஸ் 5.3 முதல் வழக்கமான ரைட்-சிஆர்0 அழைப்பு அதை அணைக்கவும் விடாது). ரீபூட் இல்லாமல் ஃபங்ஷனை மாற்றும் லைவ்பேட்ச் வசதி லினக்ஸ் 4.0 முதலே உள்ளே இருக்கிறது, 4.12-இல் ஒவ்வொரு த்ரெட்டாகப் பார்த்துப் புதுசுக்கு மாற்றும் முறையும் வந்துவிட்டது. நீங்கள் மாற்றும் ஃபங்ஷன் வேறு எங்காவது இன்லைன் ஆகியிருந்தால் (அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் அதன் நிரலை நகலெடுத்திருந்தால்) அந்த இடங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும், கேபேட்ச் பில்ட் என்ற கருவி அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஸ்ட்ரக்சரில் புது ஃபீல்டு சேர்க்கும் எண்ணம் இருந்தால் ரீபூட்டுக்கே நேரம் கேளுங்கள். ஷேடோ வேரியபிள் (புது ஃபீல்டை ஸ்ட்ரக்சருக்கு வெளியே தனியாக வைப்பது) என்று ஒரு வழி உண்டு, ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

ஏற்றியபின் உங்கள் பேட்ச்சின் பெயரில் உள்ள ஃபோல்டரில் டிரான்சிஷன் கோப்பைப் பாருங்கள். 1 என்றால் யாரோ இன்னும் பழைய ஃபங்ஷனில் தூங்குகிறார்கள், 0 ஆகும்வரை காத்திருங்கள். பக்கத்திலேயே ஃபோர்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் எழுதினால் உடனே 0 ஆகும். அதற்கப்புறம் அந்த மாட்யூலைக் கழற்றவும் முடியாது. நான் இதுவரை அதைத் தொட்டதில்லை.