மறுபடி நிற்கும் ஊராட்சித் தலைவரை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள்?

ஏற்காடு மலைக் கிராமங்களில் ஊராட்சித் தலைவர் மீண்டும் போட்டியிட்டால், அவருடைய பிம்பம் வாக்கை மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் மாற்றும், சட்டமன்றத் தேர்தலைவிடக் கூடுதலாகவே. இந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னம்தான். ஆகவே ஆள்தான் முன்னால் நிற்கிறார், அதுவும் 5 ஆண்டுகள் கண்ணெதிரே நடமாடியவர். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்ட இரவில் வந்து நின்றாரா? அக்டோபர் 2 கிராம சபையில் குடிநீர்க் கணக்கு கேட்ட பெண்ணுக்கு முகம் கொடுத்துப் பதில் சொன்னாரா? டீக்கடையில் இவைதான் பேச்சு. தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால், அவர் போட்ட சிமெண்ட் சாலைகூடக் கணக்கில் வராது. இது நியாயமில்லை என்பேன். வேலையையும் பார்க்க வேண்டும். தலைவர் பதவியைப் பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் முறைவைத்து ஒதுக்கும் சுழற்சி இடஒதுக்கீடு மாறினால் நல்ல பெயர் எடுத்தவரும் நிற்க முடியாமல் போகலாம். அப்போது அந்தப் பெயர் அவர் கைகாட்டுகிறவருக்குப் போகும், ஆனால் முழுதாகப் போகாது.